சிவக்கொழுந்து வாய்திறந்த விசயதசமி

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு முதல் எழுத்து எழுதுவித்து ஏடு தொடக்கும் சட்டம்பியார் சிவக்கொழுந்தின் சுட்டுவிரலைப் பிடித்ததும், தாய் கமலாவதி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

வேறு நாளில் யாராவது தொட்டிருந்தால் இந்நேரம் பண்டத்தரிப்புச் சந்திவரை கேட்கும்படி அலறியிருப்பாள் பிள்ளை. இன்று அலறவில்லை. அவள் கண் முழுவதும் தாம்பாளத்தில் பரப்பியிருந்த பச்சரிசியிலேயே இருந்தது. இடது கையால் ஒவ்வொரு மணியாக எடுத்து, விளிம்போரம் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆறு வயது. இன்னும் ஒரு சொல் பேசவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள்.

செவிடு, ஊமை என்று ஊர் எப்போதோ முடிவு கட்டிவிட்டது. அதனால் அவளை வைத்துக்கொண்டே எல்லோரும் எல்லாமும் கதைத்தார்கள்.

"உது ஏடு தொடக்கிக் கச்சேரியிலை உத்தியோகம் பாக்கப் போகுதாக்கும்" என்றாள் நல்லம்மா. கமலாவதியின் புருசன் தியாகராசாவின் தமக்கை. குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

நாளை விடிய நாட்டு வைத்தியரான பரிகாரியிடம் கொண்டுபோவதற்கு நாள் பார்த்து வைத்தவளும் அவள்தான். மஞ்சள் கட்டையை விளக்கில் காய்ச்சிக் காதடியில் ஒரு சூடு வைத்தால் பிள்ளை வாய் திறக்குமாம்.

தியாகராசா நேற்று இரண்டே வார்த்தை சொன்னான். சட்டம்பியார் முன்னால் ஓர் எழுத்துச் சொன்னால் போகத் தேவையில்லை. சொல்லாவிட்டால் போகத்தான் வேண்டும்.

அவனுக்குப் பிள்ளையில் பாசம் உண்டா இல்லையா என்பது கமலாவதிக்கு இன்றுவரை தெரியாது. மடியில் வைத்துக் கொஞ்சியதில்லை. நாள்தோறும் காலையில் தோட்டத்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போவான். தண்ணீர் இறைக்கும் துலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு பிள்ளை மணிக்கணக்காகச் சத்தமில்லாமல் இருக்கும். வீட்டுக்கு அவ்வளவு நேரம் நிம்மதி. அதற்காகத்தான் கூட்டிப்போகிறான் என்று அவள் நினைத்திருந்தாள்.

சட்டம்பியார் விரலை அரிசியில் இழுத்தார். "ஆனா. சொல்லு பிள்ளை, ஆனா."

சிவக்கொழுந்து இன்னொரு மணியை அடுக்கினாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கோயிலில் மேளம் அடித்தார்கள். பிள்ளை விரலை உதறிவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்தாள்.

சட்டம்பியார் நிமிர்ந்தார். "எப்பவும் இப்பிடிப் பொத்துறவளோ?"

"ஓம். அது அவளின்ரை பழக்கம்."

"செவிட்டுப் பிள்ளை மேளத்துக்குக் காது பொத்துமே?"

மேளத்துக்குப் பொத்துவாள். உரலிடிக்கும் சத்தத்துக்குப் பொத்துவாள். போன மாரியில் இடிக்குப் பொத்தியபடி விடியும்வரை இருந்தாள். ஆறு வருடமாகப் பார்த்தது. ஒரு நாளும் கமலாவதி இதை யோசிக்கவில்லை.

மேளம் நின்றது. ஏடு தொடக்க வந்த சனம் முழுவதும் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிள்ளை காதிலிருந்து கையை எடுத்தாள். அரிசியைப் பார்த்தபடியே, முன்னும் பின்னும் மெல்ல ஆடிக்கொண்டு, வாயைத் திறந்தாள்.

"முருகா, எனக்கு முந்தி இவளை எடுத்துப்போடு. நான் போனால் இவளுக்கு ஆர்?"

சின்னக் குரல், ஆனால் ஏற்ற இறக்கம் பெரிய ஆளுடையது. ஒரு சொல் குழறவில்லை.

யாரோ கையிலிருந்த வெற்றிலைத் தட்டத்தைத் தவறவிட்டார்கள். பாக்கு உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

சட்டம்பியாரின் கை அரிசியிலேயே கிடந்தது. "தம்பி தியாகராசா," என்றார் கடைசியில், "பிள்ளைக்குக் காதும் இருக்குது, வாயும் இருக்குது. நாளைக்கு ஆருக்குச் சூடு வைக்கப் போறியள்?"

தியாகராசா கதவுப் பக்கம் ஒதுங்கினான்.

நல்லம்மா எழுந்து நின்றாள். "பெத்த பிள்ளையைச் சாகச்சொல்லி மண்டாடுற தாயும் இருக்கிறாளே. இவ்வளவு நாளும் இதைத்தானோ அதின்ரை காதுக்குள்ளை ஓதினனீ?"

எல்லாக் கண்ணும் கமலாவதிமேல் விழுந்தது. தான் எங்கே, எப்போது வாய்தவறினோம் என்று தேடினாள். கிடைக்கவில்லை.

அப்போது பிள்ளை இரண்டு தரம் இருமினாள். வறண்ட, குட்டி இருமல். இருமிவிட்டு முகத்தை இடப்பக்கம் திருப்பித் துப்புவதுபோல் செய்தாள்.

பக்கத்தில் இருந்த கமலாவதிக்குத்தான் அது தெரிந்தது. சுருட்டு இருமல். பத்து வருடமாக அவள் பக்கத்துப் பாயில் கேட்ட இருமல்.

திரும்பிப் பார்த்தாள். தியாகராசா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கிணற்றடியில், துலாக் கயிற்றை இழுத்து இழுத்து, கேட்காது என்று நம்பிய ஒரு பிள்ளையின் முன்னால் எத்தனை காலை இதைச் சொல்லியிருப்பான். அவன் உதடு ஆடியது. சொல்ல வாயெடுத்துவிட்டான்.

கமலாவதி முந்திக்கொண்டாள்.

"ஓம் மச்சாள். நான் சொன்னதுதான்."

நல்லம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தியாகராசா நிலையிலிருந்த கையை எடுக்க மறந்து நின்றான். சிவக்கொழுந்து அடுத்த அரிசி மணியை எடுத்து வரிசையில் வைத்தாள்.

அந்த வார்த்தைகளைக் கமலாவதி ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

விளக்கேற்றும்போது மனத்துக்குள் சொல்லாத நாளும் இல்லை.