அருமை சிஸ்

அவள் தயிர்சாதத்தை மெல்லுவதை விட்டுவிட்டுச் செல்போன் பக்கம் குனிந்தாள்.

சாப்பாட்டு இடைவேளை. டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் செல்போன். கதைச் செயலி ஒன்றில் அவள் எழுதிவரும் தொடர்கதைக்கு ஒரு கருத்து வந்திருந்தது.

"ஒன்பதாவது பகுதியில மாமனாரை அடக்கம் பண்ணிட்டீங்க. பதினாலாவதுல அவர் காபி கேக்குறார். அந்த வீட்ல யாருக்குமே பயமா இல்லையா?"

எஸ். அருளப்பன். படம் இல்லை. யாரென்று தெரியாது.

பதறிப்போய்ப் பதினாலாவது பகுதியைத் திறந்தாள்.

ஆமாம். மாமனார் நாற்காலியில் சாய்ந்தபடி காபி கேட்கிறார். மருமகள் கொண்டுவந்து கொடுக்கிறாள். சர்க்கரை கம்மி என்று குறை வேறு சொல்கிறார்.

கீழே நாற்பத்து மூன்று கருத்துகள்.

அருமை சிஸ்.

சூப்பர் சிஸ், அடுத்த எபிசோட் எப்போ?

மாமனார் கேரக்டர் செம சிஸ்.

செத்தவர் எழுந்து வந்து உட்கார்ந்திருக்கிறார். நாற்பத்து மூன்று பேரில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

எப்படிப் படும்? அத்தனை பேரும் 'தோள் கொடுக்கும் பேனாக்கள்' வாட்ஸ்அப் குழு. காலையில் ஆளுக்கொரு லிங்க் போட வேண்டும். சாயங்காலத்துக்குள் மற்ற எல்லாருடைய கதைக்கும் ஐந்து ஸ்டாரும் ஒரு கருத்தும் போட வேண்டும். போடாதவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மானத்தை வாங்குவதற்கென்றே தில்லைநாயகி அட்மினாக இருந்தாள். படிக்க வேண்டும் என்று மட்டும் எந்த விதியிலும் இல்லை.

அவளும் போடுகிறவள்தான். தினமும் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வரிசையாக அருமை சிஸ், அருமை சிஸ்.

வெட்கம் ஒரு நிமிடம்தான் இருந்தது.

யாரோ ஒருவர் ஒன்பதாவது பகுதியைப் படித்திருக்கிறார். அதை மறக்காமல் பதினாலாவதையும் படித்திருக்கிறார். இரண்டு வருடமாக எழுதுகிறாள். வாசகர் என்று ஒரு மனிதர் இன்றைக்குத்தான் வந்திருக்கிறார்.

வலது கை முழுக்கச் சோறு. இடது கையால் அந்தக் கருத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட்டாள். கீழே எழுதினாள்.

"என் கதையை ஒருத்தர் நிஜமாவே படிச்சிருக்கார். சந்தோஷத்துல அழுகையே வந்துடுச்சு."

கூடவே ஓர் அழுமூஞ்சிப் பொம்மை.

அந்தப் பொம்மையைப் போட்டிருக்கக் கூடாது. அதைத் தவிர வேறெதையும் யாரும் பார்க்கவில்லை.

"யார் சிஸ் அந்த ஆளு?"

"அழாதீங்க சிஸ், நாங்க இருக்கோம்."

"நாம எழுதினா இவனுங்களுக்குப் பொறுக்காதே."

தில்லைநாயகி வந்துவிட்டாள். "எல்லாரும் உடனே ரிப்போர்ட் அடிங்க. ஒருத்தர் பாக்கி இருக்கக் கூடாது."

ஐயோ வேண்டாம் என்று இவள் அடிக்கத் தொடங்கினாள். இடது கட்டைவிரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு வழியாக அடித்து அனுப்பினாள். "ஐயோ வேண்டாம். அவர் நல்லவர். நான் எழுதினதைப் படிங்க."

அதன் கீழே இதயங்களும் ஓங்கிய முஷ்டிகளும் வந்து விழுந்தன. இவளுடைய வரி மேலே மேலே போய்க் காணாமல் போயிற்று.

எச்சில் கையோடு எழுந்து நின்றாள்.

இத்தனை பேர் ஒரே மூச்சில் ரிப்போர்ட் அடித்தால் செயலி கேள்வி கேட்காமல் கணக்கையே முடக்கிவிடும்.

"ஐடி காலி சிஸ். இனிமே அவன் வாயே திறக்க முடியாது. நீங்க நிம்மதியா எழுதுங்க."

கருத்து இருந்த இடத்தில், 'இந்தக் கருத்து நீக்கப்பட்டது.'

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிங்கடி என்று கத்த வேண்டும் போலிருந்தது. என் கதை கிடக்கட்டும், நான் போட்ட ரெண்டு வரியையாவது படிச்சுத் தொலைங்கடி.

கத்தவில்லை. அலுவலகம். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான் திரையின் மேல் விளிம்பில் ஓர் அறிவிப்பைக் கவனித்தாள். துரத்தப்படுவதற்குச் சற்று முன்னால் அவர் அனுப்பியது.

"தப்பா நினைக்காதீங்க. அந்தப் பொண்ணு முதல் நாள் கதவைத் திறக்காம நின்னாளே, அது ஏன்னு..."

அவ்வளவுதான் தெரிந்தது. தொட்டால் உள்ளே ஒன்றும் இருக்காது.

தொடவில்லை.

அந்தக் கதவை எழுத அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இதுவரை ஒரு ஜீவன் கேட்டதில்லை, அது ஏன் என்று.

அலுவலகம் விட்ட பிறகும் அவள் கிளம்பவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பதினைந்தாவது பகுதியை எழுதினாள். கதவைப் பற்றி மட்டும். ஒரே மூச்சில் எழுதி வெளியிட்டாள்.

"சிஸ், எபிசோட் போட்டாச்சா? லிங்க் எங்க?"

போடவில்லை.

லிங்க் போடாமல் குழுவிலிருந்து யாரும் கதைப் பக்கம் வந்ததில்லை. வரவும் மாட்டார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தச் செயலியில் கருத்துச் சொல்லத்தான் கணக்கு வேண்டும். சும்மா வந்து படித்துவிட்டுப் போக எதுவும் வேண்டாம். அதுவும் தெரியும்.

பார்வைகள், சைபர்.

வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றாள்.

சைபர்.

வழக்கமான பஸ் போயிற்று. குழுவிலிருந்து அவள் பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள்.

பிறகு, ஒன்று.

கருத்து எதுவும் வரவில்லை.

வராது என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.