மூடி லேசாக இருக்கிறது

நிமொலின் மகனுக்கு எட்டு லட்சம் ரியல் விலை சொன்னார் தரகர் ஹெங். சொல்லிவிட்டு, மகன் படுத்திருந்த கூண்டுக்கு முன்னால் குந்தி, காற்றிலேயே முழம் போட்டு நீளம் அளந்தார்.

“எட்டடி தேறுவான். தலைநகரத்துல ஒரு பெரிய வீட்டுல கேக்குறாங்க தங்கச்சி. கடையில வாங்கின பாம்பு அவங்களுக்கு வேணாமாம். தானா வீடு தேடி வந்ததுதான் அதிர்ஷ்டமாம். பெத்த புள்ளைகூட இவ்வளவு சம்பாதிச்சுப் போடாது.”

“விரக் விக்கிறதுக்கு இல்ல அண்ணே” என்றாள் நிமொல். குரலில் கோபம் இல்லை. சந்தை மூடிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். “டீ ஆறுது, குடிங்க.”

ஹெங் டீயைக் குடித்தார். வாங்க முடியாத சரக்குக்கு முன்னால் அதிக நேரம் உட்காருகிற பழக்கம் அவருக்கு இல்லை.

தாய்லாந்துக்குக் கட்டட வேலைக்குப் போன விரக், சாரத்திலிருந்து விழுந்து, தகர டப்பாவில் சாம்பலாகத் திரும்பி வந்தான். நூறாம் நாள் சடங்கில் பிக்குகள் சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில் ஒரு மலைப்பாம்பு படியேறி வந்து, அவன் பாயிலேயே சுருண்டு படுத்தது. “வந்துட்டான். இனிமே சாப்பிடலாங்க” என்றாள் நிமொல். அன்றைக்குத்தான் அவள் முழுத் தட்டுச் சோறு சாப்பிட்டாள். செத்து வேறு பிறவியில் திரும்பி வந்தவர்களுக்கு ஊரில் பூசுவதுபோல அதன் தலையில் பவுடர் பூசினாள்.

அவள் கணவன் சாருன் மீன் பொறி முடைகிறவன். உள்ளே போனது வெளியே வராது என்பதுதான் அவன் சரக்குக்கு உத்தரவாதம். சாம்பல் வந்ததிலிருந்து அவன் மூங்கிலைத் தொடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பாம்பு வந்த மறுநாள், கூண்டு செய்யத்தான் கத்தியைத் தீட்டினான்.

பாம்புக்கும் அவனுக்கும் அதன்பிறகு ஓயாத வழக்கு. அது மூடியின் நாலு மூலையையும் மூக்கால் முட்டிப் பார்க்கும். இரண்டு விரல் நுழைகிற இடம் போதும், முழு உடம்பும் போய்விடும்.

நிமொல்தான் மேற்பார்வை. “மூடி லேசா இருக்குங்க” என்றாள் ஒருநாள், திடுதிப்பென்று. நாலு செங்கல் ஏற்றினான். அந்த வாரமே பாம்பு தோல் உரித்ததாகச் சொன்னாள். வாலில் இருந்த வெட்டுத் தழும்பையும் காணோம். “ஆறிட்டான்” என்றாள். மழைக்கு முன்னால், “கூண்டுக் கம்பி வலை மூலையில தளந்திருக்குங்க” என்றாள். இரும்புச் சட்டம் அடித்துப் பூட்டுப் போட்டான். நடுநடுவே பழைய பழக்கத்தில் கைகள் ஓடி, நாலைந்து மீன் பொறிகளும் முடைந்தான்.

ஹெங் வந்துபோன அடுத்த வாரம், பௌர்ணமி. நிமொல் விகாரைக்குப் போயிருந்தாள். சாருன் தண்ணீர் மாற்றப் போனான்.

செங்கல் இருந்தது, சட்டம் இருந்தது, பூட்டும் இருந்தது. அடிப்பலகை ஒன்று ஈரத்தில் உளுத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. இத்தனை மாதம் மேலேயே பார்த்தவன் கீழே பார்க்கவில்லை. பாம்பைக் காணோம்.

வீட்டுக்கு அடியில், படகுக்கு அடியில், வைக்கோலுக்குள் தேடினான். அழுகை வரவில்லை. பதற்றமும் வரவில்லை. நிமொல் மறுபடியும் சோற்றுத் தட்டை ஒதுக்கிவிடுவாள் என்பது மட்டும், யார் வீட்டிலோ ஓடும் வானொலிபோலத் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

ஏரிக்கரைச் சந்தையில் பாம்பு விற்கிறவள் ஒருத்திதான்.

“எட்டடி வேணும்.”

“கறிக்கா, தோலுக்கா அண்ணே?”

“வீட்டுல வெச்சுக்க.”

“அப்ப நல்ல முகவெட்டா பாத்துத் தர்றேன். தொண்ணூறாயிரம்.”

எடுத்துக் கொடுத்தான். பேரம் பேசாத ஆளைச் சந்தையில் யாரும் நம்புவதில்லை. அவள் நோட்டுகளை ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து புதுப் பலகை அடித்து, சாக்கை அவிழ்த்துக் கூண்டுக்குள் கொட்டினான். பாம்பு சீறித் திரும்பி மணிக்கட்டைக் கவ்வி விட்டது. ரத்தம் சொட்டியது. வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, துண்டைச் சுற்றிக்கொண்டான்.

மதியம் நிமொல் வந்தாள். துண்டைப் பார்த்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு கூண்டுப் பக்கம் போனாள்.

“இன்னிக்கு வேணாமே” என்றான் சாருன்.

“பௌர்ணமிங்க. பூசாம எப்படி?”

பூட்டைத் திறந்தாள். செங்கற்களை இறக்கினாள். மூடியைத் தூக்கிக் கையை உள்ளே நீட்டப் போனாள். பாம்பு கழுத்தைப் பின்னுக்கு இழுத்தது.

“கையை எடு நிமொல்!” அவள் தோளைப் பிடித்து இழுத்தான். மூடி தடாலென்று விழுந்தது. “அது அவன் இல்ல. அவன் போயிட்டான். காலைல பலகை உளுத்துக் கிடந்துச்சு. இது சந்தையில வாங்கினது. நீ மறுபடியும் சாப்பிடாம உக்காந்துடுவியேன்னுதான்...”

நிமொல் அழவில்லை. உள்ளங்கையில் கொட்டிய பவுடரைச் சிந்தாமல் டப்பாவுக்கே திருப்பிப் போட்டாள். செங்கற்களை ஒவ்வொன்றாக மூடிமேல் ஏற்றினாள். பிறகு அவன் மணிக்கட்டுத் துண்டை அவிழ்த்து, இறுக்கிக் கட்டினாள்.

“எவ்வளவு குடுத்தீங்க?”

“தொண்ணூறாயிரம்.”

“ஏமாத்திட்டா. எனக்கு ரெண்டு தடவையும் அறுபதுக்குத்தான் குடுத்தா.”