ஹெட்லி வீட்டுக் குட்டி டாஃபடில்

லவ்டேக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. ஜனவரியிலிருந்து பெங்கெல்லியின் வயலில் குனிந்தபடியே டாஃபடில் பூவின் மொட்டுப் பறிக்கிறாள். தண்டை ஒடிக்கும்போது வடிகிற சாறு பட்டு விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் மழை வேறு, அந்தப் புண்ணில் ஊசி போல இறங்கும்.

அந்தக் கையோடுதான் இன்று சபைக் கூடத்தில் தேநீர்க் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். வெளியே ஊரின் மார்ச் மாதப் பூக்காட்சி. அவளைப் பூ வைக்க விடவில்லை. திருடிக்கு மேசை கிடையாதாம். பாத்திரம் கழுவ மட்டும் திருடி ஆகும்.

திருட்டு நடந்தது போன ஜூனில். இலை காய்ந்து கிழங்கு மண்ணுக்குள் தூங்குகிற சமயத்தில், பிரசங்கியார் ஹெட்லியின் தோட்டத்துத் தொட்டி ஒன்றை யாரோ கிளறிக் கிழங்கை எடுத்துப் போய்விட்டார்கள். லேசுப்பட்ட கிழங்கில்லை அது. ஒரு சாண்கூட வளராத செடி, உச்சியில் வெள்ளைப் பூ. தானே உண்டாக்கிய ரகம் என்பார். ஊரில் எல்லோரும் கிழங்கைக் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். ஹெட்லி மட்டும் ஒருத்தருக்கும் தந்ததில்லை. கேட்டால், "கர்த்தர் எனக்குன்னு கொடுத்தது" என்று கண்ணை மூடிக்கொள்வார்.

ஒரு சாணுக்கு மிகாத குட்டிப் பூவுக்கான பரிசுக் கோப்பை ஆறு வருஷமாக அவருக்குத்தான். ஆறு வருஷமும் இரண்டாமிடம் லவ்டேக்கு. இரண்டாமிடத்துக்காரிதானே எடுத்திருப்பாள்? ஊர் அதற்கு மேல் மூளையைச் செலவழிக்கவில்லை.

மொட்டுப் பறிப்புத் தொடங்குமுன் நடந்த பூக்காட்சிச் சங்கக் கூட்டத்தில் லவ்டே எழுந்து நின்று கேட்டாள். "மார்ச்சுல அந்தப் பூ எங்க இருந்தாலும் தலையை நீட்டித்தானே ஆகணும்? அப்போ எல்லார் தோட்டத்தையும் சோதனை போடுங்க. முதல்ல என் வீடு."

ஹெட்லியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. பிறகு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"சோதனையெல்லாம் வேண்டாம். எடுத்தவங்களை நான் மன்னிச்சாச்சு" என்றார், அவளையே பார்த்துக்கொண்டு.

"என்ன மனசுய்யா உமக்கு!" சங்கத் தலைவர் பெங்கெல்லி கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். லவ்டேக்குப் படியளக்கிற முதலாளியும் அவர்தான். "இவ்வளவு பெரிய மனுஷன் மன்னிச்ச பிறகு ஊர்த் தோட்டத்தைக் கிண்டுறதா? உக்காரும்மா. இந்தப் பருவத்துக்கு எனக்கு ஆள் பத்தல, வந்து பறி. பூக்காட்சி முடிஞ்சதும் வேற இடம் பாத்துக்கோ."

அதோடு முடிந்தது. விசாரித்திருந்தால் சந்தேகமாவது மிஞ்சியிருக்கும். மன்னித்துவிட்டதால் லவ்டே நிச்சயமாகத் திருடி ஆனாள். வயலில் அவளுக்குப் பக்கத்து வரிசையில் நின்று பறிக்கக்கூட ஆள் வரவில்லை. கூடப் பறிக்கிற தோழி கெரென்ஸா ஒருத்தியைத் தவிர.

அவள்தான் இப்போதும் பக்கத்தில் நின்று கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, அந்த ஆளே கிழங்கை ஒளிச்சு வெச்சிட்டு உன் தலையில கட்டியிருப்பானோ?"

"இல்லாட்டி சோதனைன்னதும் ஏன் அப்படி வெளுக்குறான்? போன வருஷம் அரை மார்க்குல தப்பிச்சான். இந்த வருஷம் என்னை மேசைக்கே வர விடாம பண்ணிட்டான்."

"இப்பவும் மிச்சமிருந்த தொட்டியைக் கொண்டு வந்து முதல் பரிசு தட்டிட்டான். ஒரு சாணுக்கு ஒரு நூல்கூட அதிகமில்ல. நடுவர் அளந்து பாத்துட்டு வாயைப் பொளந்துட்டாரு."

"பொளக்கட்டும். நாளையிலேர்ந்து எனக்கு வேலை இல்ல. எவன் என்னை நம்பித் தோட்டத்துக்குள்ள விடுவான்?"

அப்போது கழுவு தொட்டிக்கு மேலே இருந்த ஜன்னல் வழியாகப் பேச்சுக் குரல் கேட்டது. பின்கட்டில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஹெட்லியும் பெங்கெல்லியும் நின்றார்கள். பெங்கெல்லி கையில் சாக்கு சுற்றிய பூந்தொட்டி.

லவ்டே குழாயை மூடினாள். தேநீருக்கு வரிசையில் நின்றவர்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். நடுவர் உட்பட எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"ஓய், என்ன ஏமாத்து வேலை இது?" பெங்கெல்லி பல்லைக் கடித்துக்கொண்டு சீறினார். "திருட்டுன்னு ஊரை நம்ப வெச்சிட்டு நீர் எனக்கு ரகசியமா வித்த கிழங்கை என் கண்ணாடி வீட்டுல வெச்சு, நல்ல எருவாப் போட்டு, பிள்ளை மாதிரி பாத்தேன். இதைப் பாரும்!"

சாக்கை உருவினார். வெள்ளைப் பூ அவர் முகவாயை இடித்துக்கொண்டு நின்றது. முழங்கால் உயரத் தண்டு.

"இதுவாய்யா குட்டி?"

"மெதுவாப் பேசும்யா!" ஹெட்லி தவித்துப் போய்த் தொட்டியைச் சாக்கால் மூடப் பார்த்தார். "வெறும் தண்ணியா ஊத்தினீர்? அது வளராம என்ன செய்யும்? தண்ணியில ஜின் கலந்து ஊத்தணும். அப்பதான்யா குட்டையா நிக்கும்!"

ஞாயிறு தவறாமல் குடியைத் திட்டித் தொண்டை வறண்டவர் சொன்னதை ஊரே கேட்டது.

மறுநாள் பெங்கெல்லி ஆள் அனுப்பி லவ்டேயை மறுபடி வேலைக்கு வரச் சொன்னார். அதையும் தன் பெருந்தன்மையாகவே நினைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு அவரும் ஹெட்லியும் சபையார் முன்னால் ஒருவரையொருவர் மன்னித்துக் கட்டிக்கொண்டார்கள்.

லவ்டேக்குச் சேர வேண்டிய ஆறு கோப்பைகளும் இன்னும் ஹெட்லியின் அலமாரியில்தான் இருக்கின்றன.