குழம்பில் உப்பு

தாட்சாயணியின் மார்பில் இருந்தது மெதுவாக வளரும் புற்றுநோய்தான். அது அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் பரவிவிட்டதா என்பதை, தோலுக்கடியில் பதித்த மின்னணுச் சில்லு தினமும் காலையில் ஒருவரின் கைப்பேசிக்கு மட்டும் சொல்லும். அந்த ஒருவராக அவள் தன் கணவன் முகிலனைத் தேர்ந்தெடுத்தாள்.

"எனக்குத் தெரியவே வேணாங்க. நீங்களும் மூஞ்சில காட்டிக்காதீங்க."

அன்றிலிருந்து அந்த முகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். அவன் கனிவாகப் பேசினால் அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வராது. எரிந்து விழுந்தால் நிம்மதியாகத் தூங்குவாள்.

இன்று முதல் கவளத்திலேயே அவன் தட்டைத் தள்ளினான். "என்னடி குழம்பு இது? உப்பே இல்ல!"

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனவள், குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.