புள்ளிக்குப் பின்னால்

"எப்படிங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி முப்பத்தொரு செகண்ட் வரும்?" நீச்சல் குளத்து அலுவலகத்தில் அந்தப் பெண்மணி மூன்றாவது நாளாக வந்து நின்றாள்.

நீச்சல் போட்டிக்கு நேரம் கணக்கிடும் புரோகிராமை எழுதியவன் சலித்துக்கொண்டான். "அதான் கோப்பையை உங்க வீட்ல ஆறு மாசம், உங்க ஓரகத்தி வீட்ல ஆறு மாசம்னு சொல்லியாச்சேக்கா!"

"எனக்குத் தூக்கமே வரல தம்பி. ஒரு தடவை அந்தப் புரோகிராமைத் திறந்து பாரேன்."

ஆளை விட்டால் போதும் என்று திறந்தவன், நாலாவது வரியில் நாக்கைக் கடித்துக்கொண்டான். "தப்பு என் மேலதான்க்கா. நேரத்தை முழு எண்ணா மாத்தச் சொல்லியிருக்கேன். மாத்தும்போது புள்ளிக்குப் பின்னால இருக்கறதை வெட்டிடும். 31.9 கூட 31தான்."

"வெட்டாம ஓட்டு."

வரியைத் திருத்தி ஓட்டினான். "நாலாவது தடம் 31.2. அஞ்சாவது தடம் 31.9."

"அப்பாடா!" அவள் முகம் மலர்ந்தது.

"பிடிச்ச பிடியில நின்னு ஜெயிச்சுட்டீங்கக்கா. கோப்பை மொத்தமும் உங்களுக்குத்தான்."

"நான் அஞ்சாவது தடம்ப்பா. அவ கை முதல்ல சுவத்தைத் தொட்டதைத் தண்ணிக்குள்ளயே பார்த்தேன். சொன்னா, நான் விட்டுக்கொடுக்கறேன்னு நினைச்சு நம்பவே மாட்டேங்கறா. இதை பிரிண்ட் எடுத்துக் குடு, அவ வாயை அடைக்கணும்!"