மயக்கம் போட்ட கம்பம்

பூங்கா வாசலில் இருந்த போலீஸ் கேமராக் கம்பத்தை வெறும் நடையாலேயே மயக்கம் போட வைத்துவிட்டதாகத் தமயந்தி சொன்னபோது, கிள்ளான் கிளினிக்கே சிரித்தது.

“கப்சா விடாதீங்க லா, ஆன்ட்டி,” என்றாள் தாதி கஸ்தூரி, ரத்த அழுத்தப் பட்டையை அவள் கையில் சுற்றியபடி.

அந்தக் கம்பம் முகத்தைப் பார்த்தே சந்தேகப்படும். பக்கத்து வீட்டுச் சீனப் பெண் மிஸஸ் இங் கைவீசிப் போனால் வாய் திறக்காது. தமயந்தியின் கறுத்த முகம் தெரிந்தால் போதும், “நில்! கையைத் தூக்கு!” என்று அலறும். பக்கவாதம் வராமலிருக்க நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நடக்கப் போனாலோ அந்த அலறலிலேயே அழுத்தம் எகிறியது.

“அது கத்துற வரைக்கும் பேசாம வீட்டுலயே இருக்கச் சொன்னேனே?” என்றாள் கஸ்தூரி.

“ஏன், நான் என்ன திருடியா ஒளிஞ்சிக்க? நம்ம தாமான் குடியிருப்புப் பொம்பளைங்க அத்தனை பேரையும் நேத்து கூட்டிட்டுப் போனேன். பினாங்கு வரைக்கும் வரிசை! கையைத் தூக்குன்னுச்சு, தூக்கிக் கும்மி தட்டினோம். திரும்பத் திரும்பச் சுத்தி வந்தோம். கத்திக் கத்தித் தொண்டை கட்டி, புகை விட்டு, தலையைத் தொங்கப் போட்டுடுச்சு.”

“நாளைக்கே சரி பண்ணிடுவாங்க.”

“பண்ணட்டுமே. நாளைக்கும் நான் நடக்கணும்ல?”

கஸ்தூரி கருவியைப் பார்த்தாள். எண் இறங்கியிருந்தது. தன் கறுத்த கையால் பட்டையை மெல்லக் கழற்றினாள்.

“தினமும் அந்தக் கம்பம் என்னையும் நிறுத்தும், ஆன்ட்டி. இன்னிக்குக் காலையில நிறுத்தல. கரண்டு இல்லைன்னு நெனச்சேன்,” என்றாள். “நீங்க சொன்னது நடந்ததுதான்.”