அடியில் ஒரு வட்டம்

“உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்க்கா!”

கடைப் படி இறங்குவதற்குள் தம்பி ஆரம்பித்துவிட்டான். அக்காவின் கையில் பழைய லேப்டாப்.

“இப்ப என்னடா ஆச்சு? ஆறாயிரம் தரேன்னாரே. கொடுத்துட்டு வந்திருக்கலாம். நீதான் பிடுங்கிட்டு வந்தே.”

“என்ன ஆச்சா? ‘வேலை போச்சு, கேக் போடப்போறேன், அஞ்சு மணிக்குள்ள பணம் கட்டலேன்னா ஓவன் கைவிட்டுப் போயிடும்’னு யாராவது விக்கப்போற இடத்துல ஒப்பாரி வைப்பாங்களா? அவசரம்னு தெரிஞ்சா அடிச்சுக் கேக்க மாட்டானா? எட்டாயிரத்துக்குப் போற சாமான்க்கா இது!”

அக்கா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுக்கும் வேலை நின்று மூன்று மாதம். கேக் செய்வதில் கை தேர்ந்தவள். அடுத்த வீட்டு ஓவனில் எத்தனை நாள் சுடுவது? கடையை மூடப்போகும் பேக்கரிக்காரர் தன் சின்ன ஓவனை ஐந்தாயிரத்து ஐந்நூறுக்குத் தருகிறேன் என்றார். இன்று ஐந்து மணிவரை கெடு. அப்புறம் வேறு ஆள் வண்டியோடு வருகிறான்.

லேப்டாப்பை எங்கே விற்பது என்பதில் ஏற்கெனவே மூன்று நாள் போய்விட்டது. எல்லாம் தம்பியின் யோசனை.

இணையத்தில் விளம்பரம் போட்டான். ஒருவர் பாதி விலைக்குக் கேட்டு, தன் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கவும் சொன்னார். இன்னொருவர், “சார்ஜர் மட்டும் கிடைக்குமா?” என்றார். பெரிய ஷோரூமில் புதிது வாங்கினால்தான் பழையதை எடுப்பார்களாம்.

மிச்சம் இந்தத் தெரு. பழைய லேப்டாப் வாங்கி விற்கும் கடைகள், மூன்றே மூன்று.

மணி மூன்றே முக்கால்.

இரண்டாவது கடையில் ஒரு மீசைக்காரர். லேப்டாப்பைக் கையில் வாங்கியதும் மூடியைத் திறக்கவில்லை. கவிழ்த்து அடியைப் பார்த்தார். பிறகுதான் திறந்து நாலு எழுத்து தட்டினார்.

“ஆறாயிரம்.”

அதே ஆறாயிரம்!

அக்கா வாயைத் திறந்தாள். தம்பி அவள் காலை மிதித்தான். இருவரும் வெளியே வந்தார்கள்.

தம்பி லேப்டாப்பைக் கவிழ்த்தான். ஒரு மூலையில், வெள்ளைப் பென்சிலால், சின்னதாய் ஒரு வட்டம். நடுவில் ஒரு புள்ளி.

“பார்த்தியா! மொதல் கடைக்காரன் போட்ட குறி. இவன் அதைப் பார்த்துட்டுத்தான் விலையே சொல்றான். ‘இதுக்கு மேல ஒரு பைசா ஏறாதே’ன்னு அர்த்தம். கூட்டுக் களவாணிங்க!”

“பென்சில் கிறுக்கல்டா.”

“உனக்கு உலகம் தெரியாதுக்கா.”

கைக்குட்டையை எடுத்தான். எச்சில் தொட்டான். தேய்த்தான்.

“சீ, கருமம்!” என்றாள் அக்கா.

“இப்பப் பாரு. எட்டாயிரம். நான் பேசிக்கறேன், நீ ஊமை.”

மூன்றாவது கடையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. தம்பி காலை ஆட்டிக்கொண்டே ஆரம்பித்தான்.

“வீட்டுல மூணு கெடக்கு மேடம். இடத்தை அடைக்குது. மத்தபடி நமக்கு ஒண்ணும் அவசரம் இல்லை.”

அந்த அம்மா கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. நிமிர்த்தித் திறந்து பார்த்தார்.

“நாலாயிரத்து ஐந்நூறு.”

“என்னது!” ஊமைக்குப் பேச்சு வந்துவிட்டது. “பக்கத்துல ஆறாயிரம் சொன்னாங்களே!”

“அப்ப அங்கேயே கொடுங்கம்மா. இதைத் துடைச்சு வெச்சு நான் விக்கிறதே ஆறாயிரத்துக்குத்தான்.”

மணி நாலு நாற்பது. அக்கா தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

“நட, மொதல் கடைக்கு. அங்கே வாயைத் திறந்தே, உன்னையும் சேர்த்து வித்துடுவேன்.”

“என்னை எவன் வாங்குவான்?”

“அதான் என் கவலையும். நட!”

முதல் கடைக்காரர் வழுக்கைத் தலையர். இவர்கள் மூச்சிரைக்க வந்து நின்றதைப் பார்த்தார். லேப்டாப்பை வாங்கிக் கவிழ்த்தார்.

“நான் போட்ட வட்டம் எங்கேம்மா?”

அவ்வளவுதான். தம்பி துள்ளினான்.

“ஆ! நீங்களே ஒத்துக்கிட்டீங்க! நான்தான் அழிச்சேன். மூணு கடையும் கூட்டு சேர்ந்துக்கிட்டு குறி போட்டு ஆளை அமுக்கறீங்க. எங்களுக்குத் தெரியாதுன்னு நெனைச்சீங்களா?”

“டேய்!” அக்காவின் முகம் செத்துவிட்டது. ஓவன் போச்சு.

கடைக்காரர் லேப்டாப்பை ஓரமாக வைத்தார். மேஜை டிராயரைத் திறந்தார். ஆறாயிரத்தை எடுத்து அக்கா கையில் வைத்தார்.

“நீ கெளம்பும்மா. மணி நாலு அம்பது. பேக்கரிக்காரர் கொடுத்துடப் போறார்.”

அக்கா கும்பிடு போட்டாளோ, நன்றி சொன்னாளோ, தெரியவில்லை. அதற்குள் தெருமுனையில் இருந்தாள்.

தம்பி மட்டும் நகரவில்லை. இடுப்பில் கை.

“காசு கொடுத்துட்டா சரியாப்போச்சா சார்? எனக்கு நியாயம் தெரிஞ்சாகணும். அந்த வட்டத்துக்கு என்ன அர்த்தம்?”

கடைக்காரர் வெள்ளைப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

“‘அவசரத்துக்கு விக்கிறாங்க, லாபம் வைக்காம எடு’ன்னு அர்த்தம். அழிச்சப்புறம் எவ்வளவுக்குக் கேட்டாங்க, தம்பி?”